அணைக்கக் கூடாத பெட்டி



பழைய அளவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் படி, மரக்கால், வீசை, முழம் என்று எழுதி நிறுத்திக்கொள்வது வழக்கம். நம் காலத்தில் வந்து, நம் கண்ணெதிரிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த ஓர் அளவுக் கருவி உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதன் பெயர் ஃப்ரீக்வென்சி கவுண்டர். அதிர்வெண் எண்ணி என்று தமிழில் சொல்லலாம். நம் கொங்கு நாட்டில் கவுண்டர் என்றால் வேறு பொருள் ஆயிற்றே! ஸ்டாக் ரிஜிஸ்டரில் அந்தப் பெயரைப் படித்த எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர், "இவரு எந்த ஊர்க் கவுண்டருங்க?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தது உண்டு.

அந்தப் பெட்டி என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் அன்னூரில் சத்தி ரோடும், அவினாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் ரோடும் ஒன்றை ஒன்று வெட்டிப் போகின்றன. அந்த முக்கில் ஒரு ஆளை உட்கார வைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணச் சொல்கிறோம். அவர் ஒரு வண்டியைக்கூட விடாமல் எண்ணுகிறார். ஆனால் அவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அவருடைய ஒரு மணி நேரம் உண்மையில் 62 நிமிடம். அப்படியானால் எண்ணிக்கை சரி, கணக்குத் தப்பு. எண்ணும் வேலையை விட, எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பதுதான் முக்கியம்.

அதிர்வெண் எண்ணியும் இதையேதான் செய்கிறது. ஒரு ரேடியோ நிலையத்தின் அலை ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்று அறிய, சரியாக ஒரு விநாடி ஒரு கதவைத் திறந்து வைக்கும். அதற்குள் நுழைந்த அதிர்வுகளை எண்ணிக் காட்டும். அந்த ஒரு விநாடியைச் சொல்வது யார்? உள்ளே இருக்கும் சிறு குவார்ட்ஸ் கல். அது விநாடிக்குப் பத்து லட்சம் முறை அதிர்கிறது என்று வையுங்கள். அதை ஆறு தடவை பத்து பத்தாக வகுத்தால் ஒரு விநாடி கிடைத்துவிடும். அந்தக் கல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், பெட்டி காட்டும் எண்ணும் அதே அளவு பிசகும். முகப்பில் எத்தனை இலக்கம் பளிச்சிட்டாலும் பயன் இல்லை.

இந்தக் கல்லின் கதை பாரிஸில் தொடங்குகிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பௌதிகப் பாடத்தில் கியூரி என்றால் மேரி கியூரி மட்டும் இல்லை. அவருடைய கணவர் பியேர் கியூரியும், பியேரின் அண்ணன் ழாக் கியூரியும் 1880-ஆம் ஆண்டு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது. மறு ஆண்டு லிப்மன் என்ற அறிஞர், மின்சாரம் கொடுத்தால் படிகம் உருவம் மாற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். சகோதரர்கள் சோதித்துப் பார்த்து, ஆம் என்றார்கள். அப்போது மேரி இன்னும் பாரிஸுக்கே வரவில்லை.

இது பயனுக்கு வர நாற்பது ஆண்டு ஆயிற்று. அமெரிக்காவில் வால்டர் கேடி என்பவர் 1921-ல், படிகத்தைக் கொண்டு ரேடியோ அதிர்வை நிலையாகப் பிடித்து வைக்கலாம் என்று காட்டினார். 1927-ல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தார். அதுவரை உலகில் நம்பகமான நேரம் என்றால் ஊசல் கடிகாரம்தான்.

ஊசலுக்கும் கல்லுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அதுதான் வெப்பம். நம் பக்கத்துக் கதையே அதற்குச் சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானை நோக்கும் ஆய்வகம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்தார்கள். ரயில்களும் பின்னாளில் சென்னை நேரத்தைக் கொண்டு ஓடின. அந்த ஆய்வகம் 1899-ல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே இருந்த ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரமும் மலையேறியது. இரும்பு ஊசல் உள்ள ஒரு கடிகாரம், 10 டிகிரி சூடு ஏறினால் நாளுக்கு ஏறத்தாழ 5 விநாடி பின்தங்கும். கம்பி நீள்வதுதான் காரணம். அதற்காகவே நல்ல கடிகாரங்களில் இரும்பும் பித்தளையும் மாற்றி மாற்றிக் கோத்து, ஒன்றின் நீட்சியை இன்னொன்று ஈடு செய்யும்படி வைத்தார்கள்.

கல்லுக்கு அப்படி வேறொரு உலோகத்தைக் கோத்துவிட முடியாது. ஆகவே இரண்டு வழி கண்டார்கள். முதல் வழி, கல்லை வெட்டும் கோணம். 1930-களில் கண்ட ஏ.டி. வெட்டு என்பது, படிகத்தின் அச்சிலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி சாய்த்து வெட்டுவது. அப்படி வெட்டினால் குறிப்பிட்ட சில சூட்டு நிலைகளில், சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதிர்வு பெரிதாக மாறாது. இரண்டாவது வழி, கல்லை எப்போதும் அந்தச் சூட்டிலேயே வைத்திருப்பது. அதற்குத்தான் அடுப்பு. பிரெஞ்சில் 'எத்யூவ்' என்போம், ஆங்கிலத்தில் 'ஓவன்'. பெயரைக் கேட்டு ரொட்டி அடுப்பை நினைக்க வேண்டாம். கைக்குள் அடங்கும் உலோகக் கூடு அது. சுற்றிலும் சூடேற்றும் கம்பி, அதற்கு வெளியே வெப்பம் போகாமல் கனத்த உறை. சிலவற்றில் தெர்மாஸ் பிளாஸ்க் போன்ற கண்ணாடிக் குடுவையே இருக்கும்.

ஏன் குளிர வைக்காமல் சூடாக்கினார்கள் என்று கேட்பீர்கள். குளிர வைப்பது பெரிய வேலை, சூடாக்குவது எளிது. கூட்டுக்குள் 70, 80 டிகிரி வைத்துவிட்டால், வெளியே சித்திரை வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் உள்ளே இருக்கும் கல்லுக்குத் தெரியாது. முதலில் வந்த அடுப்புகளில் இஸ்திரிப் பெட்டியில் இருப்பது போல் ஒரு தகடு வளைந்து மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும். பின்னால் வந்தவற்றில் மின்னணுச் சுற்று, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறதோ அவ்வளவை மட்டும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும். அடைகாக்கும் கோழி எழுந்து எழுந்து போய் வருவதற்கும், நகராமல் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த அடுப்புக் கல்லையும் எண்ணும் சுற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்தபோது அதிர்வெண் எண்ணி முழுமை அடைந்தது. அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் 524ஏ என்ற கருவியை வெளியிட்டது. விநாடிக்கு ஒரு கோடி அதிர்வு வரை எண்ணும். அதற்கு முன் நிபுணர் ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்து ஒப்பிட்டுக் கண்ட அளவை, இது விநாடிகளில் காட்டியது. 1960-களில் டிரான்சிஸ்டர் கொண்ட 5245எல் வந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியும் எட்டு இலக்கங்கள், விநாடிக்கு ஐந்து கோடி வரை எண்ணும். அதன் அடுப்புக் கல் ஒரு நாளில் நூறு கோடியில் மூன்று பங்குக்கு மேல் நகராது என்று உறுதி கொடுத்தார்கள்.

நம் நாட்டில் இதன் தேவை எங்கிருந்து வந்தது? சுதந்திரத்துக்குப் பின் அளவுகளுக்கு ஒரு தலைமை இடம் வேண்டியிருந்தது. டெல்லியில் தேசிய பௌதிக ஆய்வகம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்த நம் தமிழர். ராமனோடு சேர்ந்து உழைத்தவர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ஆய்வகம் 1959 முதல் ஏ.டி.ஏ. என்ற அழைப்புப் பெயரில் சிற்றலையில் நேரத்தையும் அதிர்வெண்ணையும் ஒலிபரப்பியது. 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ். பாட்டு கிடையாது, செய்தி கிடையாது. விநாடிக்கு ஒரு 'டிக்', அவ்வளவுதான். சிலோன் ரேடியோவைத் தேடி முள்ளைத் திருப்பும்போது நம்மில் சிலர் அதைக் கேட்டுவிட்டுக் கடந்து போயிருப்போம்.

அந்த 'டிக்'கின் பயன் வேறு இடத்தில் இருந்தது. நாட்டின் எந்த மூலையில் அதிர்வெண் எண்ணி இருந்தாலும், அதன் கல்லை இந்த அலையோடு ஒப்பிடலாம். இரண்டும் கொஞ்சம் வேறுபட்டால் ஒலி ஏறி இறங்கும். 10 மெகாஹெர்ட்ஸில் அது பத்து விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கினால், வித்தியாசம் பத்துக் கோடியில் ஒரு பங்கு. வானத்தில் அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் ஒருமுறை பார்த்தால் போதாது. பல நாள் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

கருவிகள் செய்யும் தொழிலும் இங்கே வந்தது. பெங்களூரு ஜாலஹள்ளியில் 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொடங்கியபோது தொழில்நுட்பம் தந்தது சி.எஸ்.எஃப். என்ற பிரெஞ்சு நிறுவனம். அதே 1954 நவம்பரில்தான் புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. ஒரு வாசல் வழியே பிரெஞ்சுக்காரர் வெளியேறிய ஆண்டில், இன்னொரு வாசல் வழியே அவர்கள் கைவேலை உள்ளே வந்தது. வால்வு, டிரான்சிஸ்டரோடு குவார்ட்ஸ் கிறிஸ்டலும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது. அமெச்சூர் ரேடியோ நண்பர்களுக்கு அந்தச் சிறு உலோக டப்பா நன்றாகத் தெரியும்.

இனி நம் ஊர்ப்பக்கம். கோவை வானொலி 1966-ல் தொடங்கியது. அதன் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். திருச்சி 936, புதுச்சேரி 1215. இந்த எண்கள் ஏன் இப்படிச் சிக்கலாக இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? மூன்றையும் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. 1975-ல் ஜெனீவாவில் பல நாடுகள் கூடி, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா முழுவதற்கும் மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைப்பது என்று ஒப்பந்தம் செய்தன. 1978 நவம்பர் 23-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஒரே நாளில் கண்டம் கண்டமாக நிலையங்கள் இடம் மாறின.

இடைவெளி நெருக்கமானால் வரப்புத் தகராறும் கூடும். இரவில் மத்திய அலை நெடுந்தூரம் போகும். ஒரே எண்ணில் இருக்கும் இரண்டு நிலையங்களில் ஒன்று சிறிது விலகினாலும், இரண்டும் உரசி ஓர் உறுமலோ ஊளையோ கேட்கும். ஆகவே மத்திய அலை நிலையம் தன் எண்ணிலிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது என்பது சர்வதேச விதி. 999 கிலோஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. அதை அளக்க வருகிற கருவி, அதைவிடப் பத்து மடங்காவது நம்பகமாக இருக்க வேண்டும். சாதாரணக் கல் வெயிலிலும் குளிரிலும் பத்து லட்சத்தில் பல பங்கு நகர்ந்துவிடும். அடுப்பில் வைத்த கல்லிடம் அந்தக் கவலை இல்லை. அளப்பவனையே சந்தேகப்பட வேண்டிய நிலை அப்போது போய்விட்டது.

என் பணிக்காலத்தில் இப்படி ஒரு பெட்டி நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றின் சோதனைக்கூடத்தில் இருந்தது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஸ்டோர்ஸ் கணக்கு என் மேசையில் இருந்ததால் அதன் வரலாறு எனக்குத் தெரியும். அதன் முகப்பில் இருந்த சுவிட்சில் 'ஆஃப்' என்ற எழுத்தே கிடையாது. ஒரு பக்கம் 'ஆன்', மறுபக்கம் 'ஸ்டாண்ட்பை'. அதாவது விளக்குகள் அணையும், அடுப்பு அணையாது. ஒரு தணிக்கையில், ஆள் இல்லாத அறையில் இரவும் பகலும், ஞாயிறும் பொங்கலும் மின்சாரம் செலவாகிறதே என்று ஆட்சேபம் வந்தது. பதில் தட்டச்சு செய்தது நான். சொன்னவர் எங்கள் உதவிப் பொறியாளர்.

"அத அணைச்சா என்னாகும்னு கேக்கறாங்க சார், என்ன எழுதட்டும்?" என்றேன்.

"அணைச்சா ஒண்ணும் ஆகாதுங்க. திரும்பப் போட்டா எரியும், நம்பரும் காட்டும். அந்த நம்பரத்தான் நம்ப முடியாது. அதையே எழுதுங்க" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. காரணம் இதுதான். அடுப்பு ஆறிய பின் மீண்டும் சூடாக அரை மணி நேரம் போதும். ஆனால் கல் பழைய இடத்துக்கு அப்படியே திரும்புவதில்லை. சிறிது தள்ளி நிற்கும். நிலைக்கு வர நாள் கணக்கில், சிலவற்றுக்கு வாரக் கணக்கில் ஆகும். அதோடு இன்னொன்று. புதுக் கல்லில் ஒட்டியிருக்கும் அணு அளவுத் தூசும், பொருத்தியபோது ஏற்பட்ட இறுக்கமும் மெல்ல மெல்லத்தான் விலகும். அதனால் அதன் அதிர்வு நாளுக்கு நாள் ஒரு பக்கமாக நகரும். தொடர்ந்து சூட்டில் இருந்தால் இந்த நகர்வு ஆண்டுக்கு ஆண்டு குறையும். பத்து, இருபது ஆண்டு அணையாமல் இருந்த கல், புதுக் கல்லைவிட அமைதியானது. பழைய அரிசி சோற்றுக்கு ஆகும் என்பது போலத்தான்.

இங்கேதான் நம் பக்கத்துச் சங்கடம். பைக்காரா மின்சாரம் 1932-ல் மலையிறங்கி வந்து கோவை மில்களை ஓட வைத்த பெருமை நமக்கு உண்டு. அதே நம் ஊரில், 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. விசைத்தறி நின்றது, மோட்டார் நின்றது, பட்டறை நின்றது. அவையெல்லாம் கரண்ட் வந்ததும் ஓடத் தொடங்கிவிடும். அடுப்புக் கல் மட்டும் அப்படி இல்லை. ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் வந்தால், அது நிலைக்கு வரவே முடியாது. பேட்டரி வைத்துக் காத்த இடங்களில் பிழைத்தது. மற்ற இடங்களில் எண்ணைக் காட்டிக்கொண்டே பொய் சொன்னது.

பழுதான கருவியென்றால் பழுது என்று தெரியும். இதில் அது தெரியாது. எட்டு இலக்கமும் எரியும். கடைசி மூன்று இலக்கம் வெறும் அலங்காரமாக இருக்கும்.

கழித்துக் கட்டும் பட்டியல் தயாரிக்கும்போது எங்கள் படிவத்தில் இருந்த கட்டங்கள் நினைவில் இருக்கின்றன. பொருளின் பெயர், வாங்கிய தேதி, விலை, தற்போதைய நிலை, எடை. எத்தனை ஆண்டு அணையாமல் இருந்தது, கடைசியாக எதோடு ஒப்பிட்டது என்பதற்குக் கட்டம் இல்லை. 'பழையது, உபயோகமற்றது' என்ற ஒரே வரியில், ஆண்டுக்கணக்கில் பதப்பட்ட கற்கள் கிலோ விலைக்குப் போயின. கண்ணாடிக் குழாய் இலக்கங்களை அழகுக்காக வாங்கிக் கடிகாரம் செய்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள். உள்ளே இருந்த சிறு கூட்டை யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் அந்தக் கலை போய்விட்டதா? இல்லை. 1967-ல் விநாடிக்கே இலக்கணம் மாறியது. சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் ஒரு விநாடி என்று முடிவாயிற்று. இன்று செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் பறக்கின்றன. 2023 மே 29-ல் ஏவிய நம் என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் இருக்கிறது. ஆனால் மேலிருந்து வரும் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தரையில் ஒன்று வேண்டுமே. செல்போன் டவர் தன் எண்ணிலிருந்து பத்துக் கோடியில் ஐந்து பங்குக்கு மேல் விலகக் கூடாது. செயற்கைக்கோள் சமிக்ஞை சிறிது நேரம் கிடைக்காவிட்டாலும் பிசகாமல் இருக்க, பல டவர்களின் கருவிகளுக்குள் அதே அடுப்புக் கல் இன்றும் சூடாக உட்கார்ந்திருக்கிறது. தீப்பெட்டி அளவுக்கும் கீழே சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் அது ஆறாதிருக்கக் கீழே பேட்டரிகள் அடுக்கியிருக்கின்றன.

நம் கைக்கடிகாரத்திலும் அதன் தம்பி இருக்கிறது. 1980-களில் ஓசூரில் டைட்டன் வந்தபோது குவார்ட்ஸ் என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. உள்ளே இருக்கும் கல் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதற்குத் தனி அடுப்பு கிடையாது. கட்டியிருப்பவரின் மணிக்கட்டுச் சூடே அடுப்பு. அதனால்தான் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் சில கடிகாரங்கள் வேறு கணக்கில் ஓடுகின்றன. மருத்துவர் சொல்லியோ சலிப்பாலோ கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கும் நண்பர்கள், மாதம் ஒருமுறையாவது வானொலிச் செய்தி நேரத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டியிருக்கும் மாதத்துக்கும் கழற்றி வைத்த மாதத்துக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள்.